ஏலரான் கீல் இடைவெளியும் ஒரு ரோல் டேப்பும்: நீளமான த்ரெட்

1/ ஒரே கேள்வி தொடர்ந்து இன்பாக்ஸ்ல வருது. "டாக்டர், உங்க பொம்மை விமானத்து ரெக்கைக்கு அடியில நீளமா டேப் ஒட்டியிருக்கே, உடைஞ்சு போச்சா?" உடையல. அந்த டேப்பைப் பத்திதான் இந்த த்ரெட். கொஞ்சம் நீளம். டீ எடுத்துட்டு உட்காருங்க.

2/ புதுசா வந்தவங்களுக்கு: நான் சங்கரன்கோவில்ல அரசு மருத்துவமனை டாக்டர். படிச்சது எம்பிபிஎஸ். டூட்டி இல்லாத ஞாயித்துக்கிழமை காலையில ரிமோட் விமானம் விடுவேன். ஏரோநாட்டிகல் படிச்சவன் கிடையாது. ஆனா இந்த விஷயத்துக்கு ரெண்டு அறிவு போதும். ஒண்ணு, அழுத்தம் எப்படி வேலை செய்யும். இன்னொண்ணு, பிளாஸ்திரி எப்படி ஒட்டணும். ரெண்டும் எங்க பொழப்புதான்.

3/ அடிப்படையில இருந்து வர்றேன். விமானத்தைத் திருப்புறது அசையும் பலகைகள். ரெக்கையின் பின் ஓரத்தில் இருப்பது ஏலரான், விமானத்தை இடம் வலமா சாய்க்கும். வால்ல படுக்கையா இருப்பது எலிவேட்டர், மூக்கை ஏத்தி இறக்கும். நிமிர்ந்து நிக்கிறது ரட்டர், மூக்கை இடம் வலமா திருப்பும். மூணுமே கதவு மாதிரி கீல்ல ஆடுறவை.

4/ கதவுன்னா இடுக்கு இருக்கும். பலகை உரசாம ஆடணும்னா ரெக்கைக்கும் ஏலரானுக்கும் நடுவுல கொஞ்சம் இடைவெளி விட்டே ஆகணும். 1903ல ரைட் சகோதரர்கள் பறந்த விமானத்துல இந்தப் பிரச்சினையே கிடையாது. அவங்க ரெக்கையையே முறுக்கித் திருப்புனாங்க. கீல் இல்ல, அதனால இடுக்கும் இல்ல. கீல் வச்ச பலகை வந்த பிறகு வந்த தலைவலி இது.

5/ சரி, ஒரு மில்லிமீட்டர் இடுக்குல என்ன போயிடும்? காத்துதான் போகும். பறக்கும்போது ரெக்கைக்குக் கீழே அழுத்தம் அதிகம், மேலே கம்மி. அந்த வித்தியாசம்தான் விமானத்தைத் தூக்கிப் பிடிக்குது. நடுவுல ஒரு வழி கிடைச்சா கீழ இருக்கிற காத்து மேல ஓடப் பார்க்கும். ஓட ஓட வித்தியாசம் குறையும்.

6/ எங்க ஊர்க்காரங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஜூன், ஜூலையில செங்கோட்டை கணவாய் வழியா வர்ற காத்தைப் பார்த்திருப்பீங்க. அவ்வளவு பெரிய மலைத்தொடர் மறிச்சு நிக்குது, ஆனா ஒரு இடத்துல இடைவெளி. மலைக்கு அந்தப் பக்கம் தேங்குற காத்தெல்லாம் அந்த வழியைத் தேடி வந்து பாயுது. தென்காசியில இருந்து இந்தப் பக்கம் வரிசையா காத்தாடி நட்டு வச்சிருக்கிறது சும்மாவா?

7/ டாக்டர் பாஷையில சொன்னா இது ஒரு விஎஸ்டி. இதயத்தின் கீழறை ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற சுவர்ல ஓட்டை. இடது பக்கம் அழுத்தம் கிட்டத்தட்ட 120, வலது பக்கம் 25. ஓட்டை இருந்தா ரத்தம் இடமிருந்து வலமாப் பாயும். இதயம் அதே உழைப்பு உழைக்கும், ஆனா உடம்புக்குப் போய்ச் சேர்றது குறையும். மீதி சுத்திச் சுத்தி வீணாகும்.

8/ ஒரு வித்தியாசம் உண்டு. விஎஸ்டியில சின்ன ஓட்டைதான் அதிகம் சத்தம் போடும். ஸ்டெத் வச்சவுடனே மர்மர் கேட்டுடும். ரெக்கை இடுக்கு சத்தமே போடாது. தரையில வச்சுப் பார்த்தா ஏலரான் அழகா மேலயும் கீழயும் ஆடும். எல்லாம் சரியா இருக்கிற மாதிரியே தெரியும். பறக்கும்போதுதான் "ஏன் திரும்ப மாட்டேங்குது?"ன்னு தோணும்.

9/ கணக்கு போட்டுப் பார்ப்போம். 1.2 கிலோ விமானம். ரெக்கை நீளம் 125 செ.மீ., அகலம் 20 செ.மீ. பரப்பு கால் சதுர மீட்டர். எடையைப் பரப்பால வகுத்தா, கீழ மேல அழுத்த வித்தியாசம் சராசரியா 47 பாஸ்கல். நமக்குப் பழகின பிபி கணக்குல 0.35 மி.மீ. மெர்குரி. நம்புறீங்களா? பிபி மிஷின்ல ஒரு கோடு கூட நகராது. அவ்வளவு அற்பமான அழுத்தம்தான் 1.2 கிலோவை ஆகாயத்துல நிறுத்துது.

10/ இங்கதான் விஷயம். கையில இருக்கிறதே 0.35னா, அதுல எதையும் வீணாக்க முடியாது. அந்த அழுத்தம் ஒரு இடுக்கு வழியா காத்தை எவ்வளவு வேகத்துல தள்ளும்? உராய்வையெல்லாம் விட்டுட்டு கணக்குப் போட்டா நொடிக்குக் கிட்டத்தட்ட 9 மீட்டர். மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மேல. மொபெட் வேகத்துல காத்து இடுக்குல ஏறிட்டு இருக்கு.

11/ இடுக்கோட பரப்பு? ஏலரான் ஒண்ணு 50 செ.மீ. நீளம், இடுக்கு 1 மி.மீ.ன்னு வைங்க. 5 சதுர செ.மீ. ரெண்டு பக்கமும் சேர்த்து 10. அதாவது மூன்றரை செ.மீ. விட்டத்துல ரெக்கையில வட்டமா ஒரு ஓட்டை போட்டதுக்குச் சமம். அப்படி ஓட்டை போட்ட விமானத்தை யாராவது பறக்க விடுவாங்களா? நீளமா, மெல்லிசா இருக்கிறதால கண்ணு ஏமாந்துடுது.

12/ இன்னொரு விஷயம். ஏலரானை இறக்கும்போது ரெக்கை கீல் கோட்டுல மடங்குது. அழுத்த வித்தியாசம் அந்த மடிப்புக்குப் பக்கத்துலதான் உச்சமாகும். அதாவது, அதிகமா வேலை நடக்கிற இடத்துலயே ஓட்டை. நமக்குத் திருப்பம் தேவைப்படுற அதே நொடியில கசிவும் அதிகம்.

13/ விளைவு மூணு. ஒண்ணு, திருப்பும் சக்தி குறையும், ஸ்டிக்கை அதிகம் தள்ள வேண்டி வரும். ரெண்டு, மேல பீறி வர்ற காத்து அங்க ஓடிட்டு இருக்கிற காத்தைக் கலைச்சு இழுவையைக் கூட்டும், பேட்டரி சீக்கிரம் தீரும். மூணு, ரெண்டு பக்கமும் இடுக்கு ஒரே மாதிரி இல்லன்னா விமானம் ஒரு பக்கமா சாயும். எலிவேட்டர்லயும் அப்படித்தான். இடது பாதியில இடுக்கு ஜாஸ்தி, வலது பாதியில கம்மின்னா, மூக்கைத் தூக்கும்போதெல்லாம் லேசா உருளும். ரேடியோல ட்ரிம் பண்ணிப் பண்ணி ஓய்ஞ்சு போவீங்க.

14/ நாலாவது ஒண்ணும் இருக்கு, அதுதான் பயம். ஃப்ளட்டர். வேகம் ஒரு அளவைத் தாண்டும்போது பலகை தானா படபடன்னு அடிக்க ஆரம்பிக்கும். காத்து அதை ஆட்டும், அந்த ஆட்டம் இன்னும் காத்தை வாங்கும். ஓரிரு நொடியில கீல் பிய்ஞ்சு போகும், ரெக்கையே போறதும் உண்டு. பறக்கும்போது திடீர்னு வண்டு ரீங்காரம் மாதிரி சத்தம் கேட்டா உடனே த்ராட்டிலைக் குறைங்க, நிதானமா இறக்குங்க.

15/ ஆனா நேர்மையாச் சொல்லணும். ஃப்ளட்டருக்கு முதல் காரணம் பெரும்பாலும் இடுக்கு இல்ல. செர்வோ கியர்ல ஆட்டம், ஹார்ன் ஓட்டை பெருசாப் போனது, வளையுற புஷ்ராட், பலகையே நொய்ஞ்சு இருக்கிறது. இதையெல்லாம் சரி பண்ணாம டேப் மட்டும் ஒட்டுறது, எலும்பு முறிவுக்குக் கட்டு போடாம பெயின் கில்லர் எழுதிக் கொடுக்கிற மாதிரி. டேப் துணை வைத்தியம். முதல் வைத்தியம் லிங்கேஜ்.

16/ சரி, இதெல்லாம் பொழுதுபோக்குதானே, இவ்வளவு எதுக்கு? போன ஆடி மாசம் நடந்ததைச் சொல்றேன். எங்க மைதானத்துக்கு ஒரு ஒம்பதாம் கிளாஸ் பையன் வருவான். அப்பா விசைத்தறியில வேலை. பையன் சன்போர்டு வாங்கி, யூடியூப் பார்த்து, ஒரு விமானம் செஞ்சிருந்தான். மோட்டார், செர்வோ, பேட்டரி எல்லாம் தீபாவளி காசு, தாத்தா கொடுத்த காசுன்னு சேர்த்து வாங்கினது.

17/ பறந்துச்சு. ஆனா ஆடிக்காத்துல அம்மியே பறக்கும்னு சொல்ற ஊர்ல, பக்கவாட்டுக் காத்து வாங்கிட்டு மைதானத்தைத் தாண்டி ரோட்டுப் பக்கம் நகர ஆரம்பிச்சுது. பையன் ஸ்டிக்கை ஓரம் வரைக்கும் தள்ளிட்டான். "சார், திரும்பவே மாட்டேங்கு சார்!" விமானம் சாயுது, ஆனா கப்பல் மாதிரி மெதுவா. கடைசியில த்ராட்டிலை அணைக்கச் சொன்னேன். ரோட்டோர டீக்கடைப் பந்தலுக்கு நாலடி தள்ளி விழுந்துச்சு.

18/ பந்தலுக்குக் கீழ அஞ்சாறு பேர் உட்கார்ந்திருந்தாங்க. ஒரு அக்கா மடியில கைக்குழந்தை. யாருக்கும் ஒண்ணும் ஆகல. ஆனா முன்னாடி சுத்துற ப்ரொப்பெல்லர் என்ன பண்ணும்னு விரல்ல தையல் போட்டவனுக்குத் தெரியும். எனக்கு அன்னைக்குச் சாப்பாடு இறங்கல.

19/ ரெண்டு நாள் கழிச்சு பையனோட அப்பா ஓபிக்கு வந்தார். இருமல்னு சீட்டு போட்டுருந்தார். பார்த்து முடிச்சதும் எந்திரிக்காம உட்கார்ந்திருந்தார். "சார், பய விமானத்தை ஒடைச்சுப் போட்டுரலாம்னு இருக்கேன். யாரு மேலயாவது விழுந்தா நான் எங்க போயி நிக்க? நீங்க படிச்சவங்க. நீங்களே அவன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிருங்க."

20/ அவர் கேட்டது நியாயம். அவர் பயம் சரி. அதே சமயம், பாடத்துல அரைகுறையா இருந்த பய இந்த விமானத்துக்காக கோணம், பரப்பு, ஈர்ப்பு மையம்னு தானா படிச்சிருக்கான். நான் சொன்னது இதுதான்: "ஒடைக்க வேண்டாம் அண்ணாச்சி. ஆனா அது ஏன் திரும்பலன்னு கண்டுபிடிக்கிற வரைக்கும் பறக்கவும் வேண்டாம். ஞாயித்துக்கிழமை நீங்களும் வாங்க. சரியாகலன்னா நானே வேண்டாம்னு சொல்லுதேன்."

21/ ஞாயித்துக்கிழமை விமானத்தைத் திருப்பிப் போட்டுப் பார்த்தோம். செர்வோ நல்லா இருக்கு. புஷ்ராட் விறைப்பா இருக்கு. கீல்? ஒவ்வொரு ஏலரானையும் நாலு இடத்துல மட்டும் துண்டு துண்டா செல்லோ டேப் போட்டுத் தொங்க விட்டிருந்தான். வெயில்ல பசை இளகி, பலகை விலகி, இடுக்கு 3 மி.மீ. ஆகியிருந்துச்சு. ஏலரான் ஒண்ணு 45 செ.மீ. ரெண்டுக்கும் சேர்த்து 27 சதுர செ.மீ., டேப் துண்டுகள் மறைச்சது போக மீதி எல்லாம் திறந்த வெளி.

22/ ரெக்கையைத் தூக்கி வெளிச்சத்துக்கு எதிரா பிடிச்சேன். கோடா வானம் தெரிஞ்சுது. அப்பாகிட்ட காட்டினேன். விளக்கம் எதுவும் தேவைப்படல. "ஊடு விட்டுருக்கு" அப்படின்னார். தறியில நிக்கிறவர். இழை அந்து இடம் விழுந்த துணியை ஒரு பார்வையில கண்டுபிடிக்கிறவர். நான் பாஸ்கல், மெர்குரின்னு தயார் பண்ணி வச்சிருந்தது எல்லாம் வீண்.

23/ பழைய டேப் எல்லாத்தையும் உரிச்சு, புதுசா முழு நீளத்துக்கும் ஒட்டினோம். ஒட்டினது அவர்தான். நானும் பையனும் ரெண்டு முனையைப் பிடிச்சோம். 45 செ.மீ. டேப், ஒரு சுருக்கம் இல்ல, ஒரு குமிழ் இல்ல. ஓடுற தறியில அந்த நூலை முடிச்சுப் போடுற விரல் அது. மகன் அப்பாவை அன்னைக்குப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தெரியல.

24/ அடுத்த வாரம் காத்து அடங்கின காலை ஆறரை மணிக்குப் பறக்க விட்டோம். அதே விமானம், அதே செர்வோ. அரை ஸ்டிக் கொடுத்ததுக்கே சாஞ்சு திரும்பிட்டு. பையன் பதறி ஸ்டிக்கை விட்டுட்டான், அவ்வளவு வித்தியாசம். அப்பா மூணு நிபந்தனை போட்டார்: காத்து இருந்தா வேண்டாம், ரோட்டுப் பக்கம் வேண்டாம், டாக்டர் சார் இல்லாம வேண்டாம். மூணும் நல்ல நிபந்தனை.

25/ இப்போ செய்முறை. கட்டு போடுறதுல எங்க வார்டு சீனியர் சிஸ்டரை மிஞ்ச ஆள் கிடையாது. பச்சைக் குழந்தை கையில அவங்க ஒட்டின வென்ஃப்ளான் ராத்திரி ரெண்டு மணிக்குக் கழண்டு வராது. அவங்க சொல்ற விதிகள் அஞ்சு: துடை, காய விடு, இழுக்காதே, மூலையை வட்டமா வெட்டு, ஒட்டினதும் மூட்டை ஆட்டிப் பாரு. அஞ்சும் அப்படியே விமானத்துக்கும் பொருந்தும்.

26/ துடை: சர்ஜிக்கல் ஸ்பிரிட்டைப் பஞ்சுல நனைச்சு கீல் ஓரம் ரெண்டு பக்கமும் துடைங்க. விரல் எண்ணெய், தூசு இருந்தா டேப் ஒரு வாரத்துல உரியும். சன்போர்டு, ஃபோம்னா ஒரு ஓரத்துல முதல்ல சோதிச்சுக்கங்க. காய விடு: ஈரம் போகாம ஒட்டினா பசை பிடிக்காது. எங்க ஊர் வெயில்ல ஒரு நிமிஷம் போதும்.

27/ எந்தப் பக்கம் ஒட்டணும்? பால்சா விமானத்துல ஏலரான் முன் ஓரத்தை ரெண்டு பக்கமும் சாய்வா சீவி, கீலை நடுவுல வச்சிருப்பாங்க. அப்போ கீல் கோட்டுல மேலயும் கீழயும் ஒரு பள்ளம் இருக்கும். டேப் கீழ்ப் பக்கப் பள்ளத்துல போகணும். பார்க்க அசிங்கமாவும் தெரியாது, அதிக அழுத்தம் டேப்பை இடுக்கோட சேர்த்து அமுக்கவும் செய்யும்.

28/ இதுதான் ரொம்ப முக்கியம். ஏலரானை முழுசா மேல தூக்கி வச்சுட்டுத்தான் கீழ்ப் பக்கம் ஒட்டணும். அப்போதான் பள்ளம் முழுசா விரிஞ்சிருக்கும். டேப்பை ஒரு இரும்பு ஸ்கேல் விளிம்பால பள்ளத்தின் அடி வரைக்கும் அமுக்கி, அப்புறம் ரெண்டு சரிவுலயும் தடவி ஒட்டணும். ஏலரான் இறங்கும்போது டேப் புத்தகம் மாதிரி மடங்கிக்கும். நேரா வச்சு மேலோட்டமா ஒட்டிட்டா, மேல தூக்கும்போது டேப் இழுத்துப் பிடிச்சு பாதியில நிறுத்திடும்.

29/ இழுக்காதே: தோல்ல டேப்பை இழுத்து ஒட்டினா சுருங்கப் பார்க்கும், தோலைப் பிடிச்சு இழுத்துக் கொப்புளம் வரும். விமானத்துல இழுத்து ஒட்டினா பலகை நடுநிலையில நிக்காது, செர்வோ எப்பவும் அதோட மல்லுக்கட்டிட்டே இருக்கும். முனையை வட்டமா வெட்டுங்க. கூர்மூலைதான் முதல்ல காத்துல தூக்கும், நோயாளி கையில முதல்ல உரியுறதும் அதுதான்.

30/ ஆட்டிப் பாரு: மாவுக்கட்டு போட்டதும் விரலை மடக்கச் சொல்லுவோம் இல்லையா? அதே மாதிரி. செர்வோவைக் கழட்டிட்டு பலகையைக் கையால ரெண்டு பக்கமும் முழுசா ஆட்டுங்க. எங்கயும் இழுக்கக் கூடாது. அப்புறம் செர்வோவை மாட்டி, கடைசி எல்லை வரைக்கும் கொண்டு போய்க் காதை வச்சுக் கேளுங்க. 'ஙொய்'னு முனகினா எங்கயோ தடை இருக்கு. உரிச்சுட்டு மறுபடி ஒட்டுங்க.

31/ என்ன டேப்? மைக்ரோபோர் வேண்டாம். அது மூச்சு விடுற காகிதம், தோலுக்குக் காத்து போகணும்னே செஞ்சது. ட்ரான்ஸ்போர்ல வரிசையா பொடி ஓட்டைகள். துணி பிளாஸ்திரி கனம், வெயில்ல பசை வழியும். வெளிநாட்டு ஆட்கள் ரொம்ப காலமா பயன்படுத்துறது ப்ளெண்டர்ம்னு ஒரு சர்ஜிக்கல் டேப். ஓட்டையில்லாத மெல்லிய பிளாஸ்டிக், நல்லா மடங்கும். மருத்துவத்துக்காக வந்த டேப் விமானத்துக்குப் போனதுல எனக்கு ஒரு தனி சந்தோஷம்.

32/ அது எல்லா மெடிக்கல் ஷாப்லயும் கிடைக்காது. சன்போர்டு விமானத்துக்கு ஒரு இஞ்ச் அகல நல்ல ட்ரான்ஸ்பரன்ட் டேப்பே போதும், ஆனா வெயில் காலத்துல மாசம் ஒரு தடவை பாருங்க, மஞ்சளாச்சுன்னா மாத்துங்க. ஒண்ணு சொல்லிடுறேன்: நான் ஒட்டுறது கடையில காசு கொடுத்து வாங்கினது. ஆஸ்பத்திரி டேப் நோயாளிக்கு மட்டும்தான்.

33/ பால்சா விமானம் வச்சிருக்கிறவங்களுக்கு இன்னும் நல்ல வழி, ரெக்கைக்குப் போர்த்துற அதே அயர்ன் ஃபிலிம். ஒரு இஞ்ச் அகலத்துல வெட்டி, பசைப் பக்கம் வெளியே இருக்கிற மாதிரி நீளவாக்குல மடிங்க. ஏலரானை முழுசா தூக்கி, மடிப்பு நுனியைப் பள்ளத்தின் அடியில வச்சு, குறைஞ்ச சூட்டுல முதல்ல ஒரு சரிவு, அப்புறம் மறு சரிவு. சூடு கூடினா ஃபிலிம் சுருங்கிப் பலகையைக் கவ்வும். நிறமும் ஒண்ணு போல இருக்கும், வருஷக்கணக்கா நிக்கும்.

34/ எச்சரிக்கை ரெண்டு. பால்சா விமானத்துல இந்த டேப் கீல் ஆகாது. கீல் தனியா உறுதியா இருக்கணும். ஒட்டுறதுக்கு முன்னாடி ஒவ்வொரு கீலையும் இழுத்துப் பாருங்க. ரெண்டாவது, அடைச்ச பிறகு முதல் தடவை பறக்கும்போது அசைவைக் கொஞ்சம் குறைச்சு வைங்க. அதே ஸ்டிக்குக்கு விமானம் முன்னைவிட வேகமா பதில் சொல்லும். டோஸ் வேலை செய்யுதுன்னு தெரிஞ்சா அளவைக் குறைக்கணும் இல்லையா, அதுதான்.

35/ இது பொம்மை விமானத்தோட நிக்கிற விஷயம் இல்ல. ஆள் பறக்கிற கிளைடர்கள்ல இந்த இடுக்கை மைலார் பட்டையால மூடுறது வழக்கம். செஸ்னா, பைப்பர் மாதிரி சின்ன விமானங்களுக்கு இடுக்கு மூடும் கிட் தனியாவே விக்குது. இன்ஜின் இல்லாதவனுக்கும் குட்டி இன்ஜின்காரனுக்கும்தான் கசிவோட அருமை தெரியும்.

36/ நம்ம ஊர்லயும் இந்த ஆசை புதுசு இல்ல. என்சிசி ஏர் விங்ல ஏரோமாடலிங் ஒரு பயிற்சியாவே இருக்கு. குரோம்பேட்டை எம்ஐடி வளாகத்தின் தக்‌ஷா அணி, நடிகர் அஜித் குமார் ஆலோசகரா இருந்த அணி, 2018ல ஆஸ்திரேலியாவுல நடந்த யுஏவி சேலஞ்ச் மெடிக்கல் எக்ஸ்பிரஸ் போட்டியில 2ஆம் இடம் வாங்கினாங்க. போட்டி என்ன தெரியுமா? தூரத்துல மாட்டிக்கிட்ட ஒரு ஆள்கிட்ட இருந்து ரத்த மாதிரியை ஆளில்லா விமானம் எடுத்துட்டு வரணும்.

37/ ருவாண்டாவுல 2016ல இருந்து ஜிப்லைன் நிறுவனம் ரெக்கை வச்ச சின்ன விமானத்துல ரத்தப் பைகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய்ப் போடுது. இங்கயும் 2021 அக்டோபர்ல ஐசிஎம்ஆர், மணிப்பூர்ல பிஷ்ணுபூர்ல இருந்து லோக்டாக் ஏரி நடுவுல இருக்கிற கராங் தீவுக்கு ட்ரோன்ல தடுப்பூசி அனுப்புச்சு. ரோட்டு வழி 26 கி.மீ., ஆகாய வழி 15 கி.மீ., கால் மணி நேரத்துக்குள்ள போயிடுச்சு.

38/ பிரசவத்துல ரத்தம் போயிட்டு இருக்கிற ஒரு தாய்க்கு, சேராத குரூப் ரத்தத்துக்காக போன் மேல போன் போட்டுக் காத்திருந்த எந்த அரசு டாக்டருக்கும் அந்தக் கால் மணி நேரத்தோட விலை தெரியும். அப்படி ஒரு விமானத்தை நாளைக்கு இந்தப் பக்கத்துக் கிராமங்களுக்கு யார் செய்யப் போறா? மைதானத்துல சன்போர்டைச் சீவிட்டு இருக்கிற இந்த மாதிரி பசங்கள்ல ஒருத்தரா இருக்கலாம். அதனாலதான் ஒடைக்க வேண்டாம்னு சொன்னேன்.

39/ சட்டமும் தெரிஞ்சுக்கங்க. ட்ரோன் விதிகள் 2021 ரிமோட் விமானத்துக்கும் பொருந்தும். பறக்க விடுறதுக்கு முன்னாடி டிஜிட்டல் ஸ்கை வரைபடத்துல உங்க இடம் பச்சை மண்டலமான்னு பாருங்க. அங்க 400 அடி வரைக்கும்தான். எப்பவும் கண்ணுக்குத் தெரியுற தூரத்துக்குள்ள. கோயில், திருவிழா, சந்தை, ரோடு மேல வேண்டவே வேண்டாம். ஆடித்தபசு கூட்டத்துக்கு மேல வீடியோ எடுக்கலாமான்னு ஒரு தம்பி கேட்டிருந்தீங்க. கூடாது தம்பி.

40/ சுருக்கமா: விமானத்தை வெளிச்சத்துக்கு எதிரா பிடிங்க. கோடா வானம் தெரிஞ்சா அடைங்க. அதுக்கு முன்னாடி செர்வோ, ஹார்ன், புஷ்ராட், கீல் நாலையும் பாருங்க. முழுசா தூக்கி வச்சு ஒட்டுங்க, இழுக்காம ஒட்டுங்க, ஆட்டிப் பாருங்க. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி. முதல் தடவை அசைவைக் குறைச்சு, காத்தில்லாத காலையில.

41/ சங்கரன்கோவில், புளியங்குடி, ராஜபாளையம் பக்கம் விமானம் செய்ற பசங்க இருந்தா சொல்லுங்க. டூட்டி இல்லாத ஞாயித்துக்கிழமை காலை ஆறு மணிக்கு வாங்க. டேப் நான் கொண்டு வர்றேன். முடிஞ்சா அப்பா அம்மாவையும் கூட்டிட்டு வாங்க. ஒட்டுறதுக்கு நல்ல கை எப்பவும் தேவைப்படுது.